தோற்றம்: 1965

2025 நவம்பர் 3, திங்கட்கிழமை காலை, ஆவடி முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி ஏரிக்கரையில் இருக்கும் பாலேரிமேடு அரசு உயர்நிலைப் பள்ளிக்கு இடமாறுதல் ஆணை வந்தது.

பள்ளியில் வேலை பார்க்கும் யாருக்கும் அல்ல, பள்ளிக்கே. 'திரு/திருமதி' என்று அச்சடித்திருந்த இடத்தில் திருவைப் பேனாவால் அடித்துவிட்டிருந்தார்கள். பாலேரிமேடு அரசு உயர்நிலைப் பள்ளி என்ற திருமதி, நிர்வாக நலன் கருதி வானகரத்தில் உள்ள காலியிடத்துக்கு மாற்றப்படுகிறார் என்றும், புதிய இடத்தில் முற்பகலில் பணியேற்க வேண்டும் என்றும், சிபாரிசு பிடிக்க முயன்றால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது.

பொறுப்புத் தலைமையாசிரியர் திருமுருகன் அறிவியல் பாடம் நடத்துகிறவர். நிரந்தரத் தலைமையாசிரியர் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லி நான்கு வருடமாகிறது. ஆணையை இரண்டு முறை படித்துவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ராணிக்குப் போன் போட்டார்.

ராணி தலைவியானது அவள் விரும்பி நடந்ததல்ல. அங்கே படிக்கும் பிள்ளையின் தாய்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. "யார் வர்றீங்க?" என்று கேட்டபோது மற்ற தாய்மார்கள் எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ராணி மட்டும், கடகடவென்று ஆடிய மின்விசிறி தலையில் விழுந்துவிடுமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. அங்கே பத்தாவது பாஸ் ஆனவர்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள், ஆகாதவர்கள் நின்றுகொண்டு. ராணி இதே பாலேரிமேடு பள்ளியில் ஒன்பதோடு நின்றவள், கம்பெனியிலும் நின்றுகொண்டேயிருந்தாள். அவள் மகள் எழில் இப்போது பத்தாவது. மார்ச்சில் பொதுத்தேர்வு. அதற்குப் பிள்ளைகளின் பெயர் டிசம்பர் கடைசிக்குள் பள்ளி வழியாகப் பதிவாக வேண்டும். ராணிக்கு இந்த ஒன்றுதான் கவலை. மற்றபடி பள்ளி திருவா திருமதியா என்பதில் அவளுக்கு அக்கறை இல்லை.

"மிஸ்டேக்கா அனுப்பிட்டுருப்பாங்க சார்," என்றாள், ஆணையைக் கையில் வாங்காமலே.

"தப்புன்னா திருத்திடலாம்மா. இது தப்பில்ல, படிவம். படிவத்த யாரும் திருத்த முடியாது." திருமுருகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏரித் தண்ணி உள்ள வருது, மேட்டுல வேற எடம் பாருங்கன்னு நாமதான மூணு வருஷமா மனு குடுத்தோம்? மனுவுல 'இடம் மாற்றி' அப்படின்னு எழுதினேன். அத இடமாறுதல் பிரிவுக்கு அனுப்பிட்டாங்க. அது ஆளுங்கள மாத்துற பிரிவு. அவங்ககிட்ட ஒரே ஒரு படிவந்தான் இருக்கு."

ராணி வெளியே வந்தபோது ஏரிக்கரையில் வேலிக்காத்தான் புதருக்குப் பக்கத்தில் ஒரு ஜேசிபி நின்றது. ஓட்டுநரைக் காணோம். பள்ளிச் சுவரிலும், சுவரை ஒட்டிய வீடுகளிலும் யாரோ சிவப்புச் சாயத்தில் எண் போட்டிருந்தார்கள். பள்ளிக்கு 1. ராணியின் வீட்டுக்கு 14.

*

இடமாறுதல் பிரிவு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு மாடியில் இருந்தது. கண்காணிப்பாளர் கோதண்டம் மரியாதையானவர். ராணியையும் திருமுருகனையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்லம்மா," என்றார். "நாளைக்கு வாங்கன்னுதான் சொல்லியிருக்கேன். சொல்லுங்க."

"ஸ்கூல எப்டி சார் ட்ரான்ஸ்ஃபர் பண்ணுவாங்க? அது கட்டடம்."

"எடம் விட்டு எடம் போற எதுவும் எங்க பிரிவுக்குப் பணியாளர்தான். போன வருஷம் ஒரு போர்வெல்ல திருநின்றவூருக்கு மாத்தினோம். ஒரு பேச்சு பேசல. அடுத்த நாளே போயி ஜாயின் பண்ணிருச்சு."

"தண்ணி வருதா சார்?"

"அது வேற பிரிவும்மா. ஜாயின் பண்ணிருச்சு, எங்களுக்கு அது போதும்."

திருமுருகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வானகரத்தில் எந்தக் காலியிடம், எத்தனை ஏக்கர், கட்டடம் இருக்கிறதா என்று கேட்டார். கோதண்டம் கணினியைப் பார்த்தார். ஏக்கர் எதுவும் அதில் இல்லை. வானகரத்தில் ஒரே ஒரு காலியிடம் இருந்தது. அங்குள்ள பள்ளியில் பகுதிநேரத் தோட்டக்காரர் பணியிடம்.

"முன்ன இருந்தவரு வேலையில இருக்கும்போதே தவறிட்டாரு," என்றார் கோதண்டம், குரலைத் தாழ்த்தி. "நல்ல எடம்மா. பைபாஸ் பக்கம். வாரத்துக்கு மூணு அரைநாள் போனா போதும்."

ராணிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது, புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"முந்நூறு புள்ளைங்க படிக்குது சார். தோட்டக்காரரு வேலைல எப்டி?"

"முந்நூறு பேரும் தண்ணி ஊத்தணும்னு இல்ல. ஒருத்தர் ஊத்தினா போதும்."

"பத்தாவது பசங்க பேரு டிசம்பர்ல ஏறணும் சார்," என்றார் திருமுருகன். "பள்ளி எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஏத்த முடியும்."

"நியாயம். அதுக்குத்தான் கலந்தாய்வு வெச்சிருக்கோம். எடம் புடிக்கலைன்னா அங்க வந்து வேற காலியிடம் கேட்டுக்கலாம். ஆனா சம்பந்தப்பட்ட பணியாளர் நேர்ல வரணும். அவங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் வந்தா ஏத்துக்க மாட்டோம்."

"அதுக்குக் கால் இல்லியே சார்," என்றாள் ராணி.

கோதண்டத்தின் முகம் கனிந்தது. "அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே. மாற்றுத்திறனாளின்னா முன்னுரிமை உண்டு. சான்றிதழ் இருக்கா?"

*

கலந்தாய்வுக்குப் பள்ளியை எப்படிக் கொண்டுபோவது என்று ராணியின் வீட்டில் அன்று பேச்சு நடந்தது. அவள் புருஷன் கஜபதி குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். எந்தச் சுமையானாலும் ஏற்றும் வழியை மட்டும் யோசிப்பான்.

"போர்டு கீதுல்ல, அத்தக் கயட்டி எத்துக்கினு போவோம்," என்றான். "பேரு அதுலதான கீது. பேரு எங்க கீதோ அதான் ஸ்கூலு. இன்னா நான் சொல்றது?"

"தோட்டக்காரர் ஸ்கூல்ல படிச்சா மார்க் ஷீட்ல இன்னான்னு போடுவாங்கம்மா?" என்றாள் எழில். அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வாய மூட்னு படி."

"படிக்கிறேன். ஜியாகிரபி படிக்கட்டா வேணாமா, அத மட்டும் சொல்ட்டுப் போ. மூணு அரைநாளுக்கு ஜியாகிரபி வராது."

பெயர்ப்பலகை தகரப் பலகை. போன வருடம்தான் புதிதாக எழுதியது. எழுதிய ஓவியர் பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலிப் பலகைகள் எழுதுகிறவர். 'நிறுவப்பட்டது' என்று எழுதச் சொன்னதற்கு, கை பழக்கத்தில் 'தோற்றம்: 10.06.1965' என்று எழுதிவிட்டார். அடுத்த வரிக்கும் இடம் விட்டிருந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்து அழகாக இருந்தது.

கலந்தாய்வு மண்டபத்தில் பெயர்ப்பலகைக்கு ஒரு டோக்கனும் ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பலகையைப் பார்த்து, "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராணி பின்னால் நின்றாள். பணியாளருடன் வந்தவர்களுக்கு நாற்காலி கிடையாது.

பிரிவு அலுவலர் அருள்மொழி மேடையில் தொடக்க உரை நிகழ்த்தினார்.

"வெளிப்படைத்தன்மைதான் இந்தப் பிரிவின் உயிர்மூச்சு," என்றார் அந்த அம்மாள். "யாருக்கு எந்த இடம் என்பதை நாங்கள் ஒருபோதும் மறைத்ததில்லை. முடிவு செய்த அன்றே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. உங்களுக்குத் தெரிவிக்கத்தான் கலந்தாய்வு. சிலர் இங்கே வந்து குடும்பம், குழந்தை என்று பேசுகிறார்கள். நாங்கள் பணியிடங்களைப் பார்க்கிறோம், பணியாளர்களைப் பார்ப்பதில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும்."

எல்லோரும் கைதட்டினார்கள். பெயர்ப்பலகை மேடைக்கு அழைக்கப்பட்டது. கஜபதி தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான்.

அருள்மொழி பலகையை மேலிருந்து கீழாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"தோற்றம் அறுபத்தஞ்சு. மறைவு போடலியே?"

"அது வந்து மேடம், நிறுவப்பட்டதுன்னு..." என்று ஆரம்பித்தார் திருமுருகன்.

"ஜூன் பத்து, அறுபத்தஞ்சு," என்று விரல் விட்டு எண்ணினார் அருள்மொழி. பக்கத்தில் இருந்த கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டமும் எண்ணினார். பிறகு அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அறுபது முடிஞ்சிருச்சும்மா," என்றார் கோதண்டம் ராணியிடம், கல்யாணச் செய்தி சொல்வதுபோல. "ஜூன் முப்பதே ரிட்டையர் ஆயிட்டாங்க. வாழ்த்துகள்."

யாரோ ஒரு சால்வை கொண்டுவந்து பலகைமேல் போர்த்தினார்கள். ராணி சிரிக்கப் போனாள். மண்டபத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் அருள்மொழி, குரல் மாறி. "ஜூன்லயே ஓய்வு பெற்ற பள்ளி, ஜூலையிலேருந்து யாரைக் கேட்டு மணி அடிச்சுது?"

திருமுருகன் தம் கையைப் பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் அடித்தவர் அவர்தான்.

அன்று மாலைக்குள் தீர்ப்பாகிவிட்டது. ஜூலை முதல் பாலேரிமேட்டில் நடந்தது பள்ளி அல்ல. அனுமதியற்ற கூட்டம். அதில் போட்ட வருகைப்பதிவு செல்லாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜூன் மாதத்தோடு படிப்பை நிறுத்தியவர்களாகக் கருதப்படுவார்கள். படிப்பை நிறுத்தியவர்களின் பெயரைப் பொதுத்தேர்வுக்கு ஏற்ற வழியில்லை.

திரும்பி வரும்போது ஜேசிபி புதரைவிட்டுப் பள்ளி வாசலுக்கு எதிரே வந்து நின்றிருந்தது. யார் ஓட்டிவந்தார்கள் என்று ராணி பெட்டிக்கடையில் கேட்டாள். "நேத்தே அங்கதானக்கா கீது," என்றான் கடைக்காரன், அவளைப் பார்க்காமல்.

*

திருமுருகனுக்கு ஒரு விதி நினைவுக்கு வந்தது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியர்களுக்கு, பிள்ளைகள் படிப்பு கெடாமலிருக்க, ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கொடுப்பார்கள். பள்ளிக்கும் அதைக் கேட்டால் என்ன? ஏப்ரல்வரை பள்ளி உயிரோடிருந்தால் போதும். தோட்டக்காரராக இருந்தாலும் பரவாயில்லை.

"குடுப்பாங்களா சார்?" என்றாள் ராணி.

"அவங்க வழியிலேயே போனாத்தான் குடுப்பாங்க. கட்டடம்னு சொல்லிப் பாத்தோம், கேக்கல."

கோதண்டம் மிகவும் சந்தோஷப்பட்டார். இதுவரை தம்மிடம் வந்தவர்களில் விதி தெரிந்து வந்தவர்கள் இவர்கள்தான் என்றார். இரண்டு சான்று வேண்டும். ஒன்று நன்னடத்தை, இன்னொன்று உடல்தகுதி.

நன்னடத்தையில் ஒரு சிக்கல் வந்தது. 2015 வெள்ளத்தில் பள்ளி இரண்டு வாரம் தண்ணீருக்குள் இருந்தது. அந்த நாட்களுக்கு விடுப்புக் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. அனுமதியின்றிப் பணிக்கு வராமை என்று பள்ளிமேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. வெள்ளம் வந்ததே காரணம் என்று திருமுருகன் பதில் எழுதினார். வெள்ளம் யாருடைய அனுமதியின் பேரில் பள்ளிக்குள் வந்தது என்று துணைக்கேள்வி வந்தது. அதற்கும் பதில் எழுதினார். அந்த நாட்களில் அவர் தலைமுடி வாருவதை நிறுத்தியிருந்தார்.

உடல்தகுதிக்கு அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். ராணி கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். மருத்துவர் நிவேதிதா சின்னப் பெண். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு மாதத்தில் இதைக் கேட்டுச் சிரித்த முதல் ஆள் அவள்தான். ராணிக்கு அழுகை வந்தது.

"அழாதீங்கக்கா. நான் வர்றேன். உள்ளது உள்ளபடி எழுதித் தர்றேன். அதப் படிச்சா அவங்களுக்கே வெக்கமாயிடும்."

வந்தாள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, ஸ்டெதாஸ்கோப்பைத் தூணில் வைத்தாள். சுவரில் வைத்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பிறகு உட்கார்ந்து, தெளிவான கையெழுத்தில் இரண்டு வாக்கியம் எழுதினாள்: 'பரிசோதித்ததில் நாடித்துடிப்பு இல்லை. ஏனெனில் இது ஒரு கட்டடம்.' கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

முத்திரை இரண்டாவது வாக்கியத்தின் மேல் விழுந்திருந்தது.

*

"ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றார் கோதண்டம்.

சான்றிதழைப் படித்ததும் அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"சார், முத்திரைக்குக் கீய பாருங்க சார். கட்டடம்னு எழுதிகீது. லைட்டுல வெச்சிப் பாருங்க."

"முத்திரைதாம்மா சான்று. கீழ இருக்கறது சான்றாகாது." அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. "இதுல ஒரே ஒரு நல்லது பாருங்க. எறந்தவங்க மேல ஒழுங்கு நடவடிக்கை கெடையாது. அந்தக் குற்றச்சாட்டக் கைவிட்டுடறோம். களங்கம் இல்லாம போய்ச் சேந்துட்டாங்க."

"செத்தது ஸ்கூலுன்னே வெச்சிக்கோங்க. எம் பொண்ணு உசுரோடதான கீறா. அவ பேர மட்டும் ஏத்திக்கினா போதும் சார். நான் வேற எதுவும் கேக்கல."

"உயிரோட இருக்கறதுக்கு உயிர்வாழ் சான்று வாங்கிட்டு வாங்கம்மா."

வாங்கினாள். அதில் எழில் உயிரோடிருப்பது உறுதி செய்யப்பட்டது, மாணவியாக இருப்பது உறுதி செய்யப்படவில்லை. முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் இன்னொரு பள்ளியில் சேர்க்கப் போனாள். அங்கே மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள். திருமுருகன் கொடுத்தார். இறந்த பள்ளியின் சான்றிதழ் செல்லாது என்று திருப்பினார்கள். தனித்தேர்வராக எழுதலாமே என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பதிவு ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது.

டிசம்பர் மூன்றாம் வாரம் பள்ளி மைதானத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. வாசற்கதவில் மலர்வளையம் சாய்த்து வைத்திருந்தார்கள். முந்நூறு பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். ஜேசிபி இப்போது மைதானத்துக்குள் இருந்தது. முதல் முறையாக அதில் ஓட்டுநரும் இருந்தான். மௌன அஞ்சலியின்போது அவனும் தொப்பியைக் கழற்றினான்.

அருள்மொழி பேசினார்.

"அறுபது ஆண்டுகள் ஒரே இடத்தில் பணியாற்றியவர். ஆலைக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஓலைக்கொட்டகையில் தொடங்கி உயர்நிலைவரை உயர்ந்தவர். ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. எல்லாப் பள்ளிகளும் இவரைப்போல் அமைதியாகப் போய்விட்டால் எங்கள் பணி எவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. அவரிடம் ஒரே குறைதான் இருந்தது, மாணவர்கள். வேறு எந்தப் பணியாளரும் இத்தனை பேரை உடன் அழைத்து வருவதில்லை. போகட்டும், இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. அவர் விட்டுச்சென்ற இந்த நிலம் இப்போது காலியிடம். காலியிடங்களை உடனுக்குடன் நிரப்புவதில் எங்கள் பிரிவு முதலிடத்தில் இருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். நிரப்ப வேண்டியவர்கள் காத்திருக்கிறார்கள்."

பந்தலின் முன்வரிசையில், பாலேரிமேட்டில் யாரும் முன்பு பார்த்திராத வெள்ளைச் சட்டைக்காரர்கள் சிலர் தலையசைத்தார்கள்.

ராணி வரிசையைத் தாண்டி ஜேசிபியின் முன்னால் போய் நின்றாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நைனா, மார்ச் வரைக்கும் உடுப்பா. பசங்க பரீச்ச எய்திக்கட்டும்."

"நான் இன்னாக்கா பண்றது," என்றான் ஓட்டுநர். அவன் குரலில் கோபம் இல்லை. "காலைல சாவி குட்த்தாங்க. சாய்ந்தரம் சாவி திருப்பித் தரணும். நடுவுல இன்னான்னு எனக்குச் சொல்லல. செத்த பொணத்த அப்டியே போட்டு வெக்கக் கூடாதாமே."

கஜபதி வந்து அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள். அவன் மறுபடியும் பிடித்தான். அதற்குள் கோதண்டம் வந்து, மிகவும் மரியாதையாக, பெயர் கேட்டார். அவருக்குத் தெரியாத பெயர் அல்ல.

"ராணி."

"எந்த வீடும்மா?"

அவரே சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்து, "பதினாலு," என்றார். பிறகு, பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "அந்த வீடு எந்த வருஷம் கட்டினதும்மா?" என்றார்.

ராணி வண்டிக்கு முன்னாலிருந்து விலகினாள்.

மாலைக்குள் வேலை முடிந்துவிட்டது. கீழ் வகுப்புப் பிள்ளைகளை மூன்று பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். திருமுருகன் திருத்தணிப் பக்கம் மாற்றப்பட்டு, முற்பகலில் பணியேற்றார். வானகரத்தில் பகுதிநேரத் தோட்டக்காரர் பணியிடம் காலியாகவே இருந்தது.

மார்ச் மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கியது. எழில் தேர்வு எழுதவில்லை.